ரயிலடி வரலாறு – 9: பாதை முதலில், ஊர் பிறகு

சென்ற வாரம் எழும்பூர் நிலையத்தின் செங்கல் முகப்பின் கீழ் நின்று 1908-ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்த்தோம். இந்த வாரம் அதே எழும்பூரில் சில நடைமேடைகள் தள்ளிப் போய், தெற்கே செல்லும் மின்சார ரயிலில் ஏறிக்கொள்வோம். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம். அதற்கு அடுத்தது நாம் இறங்க வேண்டிய இடம்.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் தாம்பரம் 18-ஆவது நிலையம். தூரம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். இன்று செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் திருமால்பூருக்கும் மின்சார ரயில்கள் போகின்றன. ஆனாலும் நடைமேடையில் நிற்பவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இது தாம்பரம் வண்டிங்களா?” ஒரு வண்டிக்கு ஓர் ஊரின் பெயர் இப்படி ஒட்டிக்கொண்டதற்குப் பின்னால் நூறாண்டுக் கதை இருக்கிறது. ஒரு நகரம் எப்படி வளர வேண்டும் என்று ஒருகாலத்தில் யோசித்த கதை அது. இன்று நாம் அந்த யோசனையை எவ்வளவு தூரம் மறந்திருக்கிறோம் என்பதையும் அதுவே சொல்லும்.

புகைவண்டிக் காலம்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி மேற்கே போனது. தெற்கே போகும் பாதைக்கு இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1874-இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயும் கர்நாடிக் ரயில்வேயும் ஒன்றாக இணைந்து தென்னிந்திய ரயில்வே பிறந்தது. 1870களில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தென் மாவட்டங்களுக்குப் பாதை விரிந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்பது அன்றைய அரசின் கவலை. அதனால் இந்தப் பாதை மீட்டர் அகலத்தில் அமைந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக 1,000 மில்லிமீட்டர். ராயபுரம் பக்கம் ஓடிய அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். கஜானாக் கணக்கில் எடுத்த அந்த முடிவு தென் தமிழகத்தின் ரயில் வாழ்வை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிர்ணயித்தது.

இந்தப் பாதையில் தாம்பரம் ஒரு சிறிய நிலையம். சுற்றிலும் ஏரிகள், ஏரிப் பாசன வயல்கள், பனைகள், கிழக்கே சேலையூர்க் காடு. மேற்கே திருச்சி நெடுஞ்சாலை. தனுஷ்கோடிக்குப் போன போட் மெயிலும் தூத்துக்குடிக்குப் போன வண்டிகளும் இந்த ஊரைக் கடந்துதான் போயின. தாம்பரத்தார் கண் முன்னே தொலைதூரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பட்டணத்துக்கோ தினமும் போய்வர வழியில்லை.

நீராவி எஞ்சின் நெடுந்தூரத்துக்கு ஏற்றது. குறுகிய தூரத்தில் அது திணறும். காரணம் எளிது. கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான தூரத்தை இன்றைய நிலையங்களின் இடைவெளிகளால் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். நீராவி எஞ்சின் மூச்சுப் பிடித்து வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். கடைசி நிலையத்தில் வேறொரு வேலை காத்திருக்கும். எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியே சுற்றிக் கொண்டுவந்து, வண்டியின் மறுமுனையில் மாட்ட வேண்டும். நடுவே தண்ணீர் பிடிக்க வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும், கரி ஏற்ற வேண்டும். இவ்வளவும் முடிந்து வண்டி திரும்புவதற்குள் அலுவலகம் போகிறவரின் காலைப் பொழுது போய்விடும்.

1931: மின்சாரம் வந்தது

1920களில் சென்னை அகலத் தொடங்கியிருந்தது. மாம்பலம் ஏரியைத் தூர்த்து, 1923-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்தது. மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு வேலை பாரிமுனையிலும் கோட்டையிலும் துறைமுகத்திலும் இருந்தது. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். புறநகர் ரயிலை மின்மயமாக்கும் யோசனை 1923-லேயே தென்னிந்திய ரயில்வேயில் எழுந்தது. அப்போது அதன் ஏஜெண்டாக, அதாவது தலைமை நிர்வாகியாக, இருந்தவர் சர் பெர்சி ரோத்தேரா. 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயில் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. சென்னையில் வேலை 1928-இல் தொடங்கியது.

1931 ஏப்ரல் 2 அன்று சென்னை மாகாண ஆளுநர் சர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி மின்சார ரயிலைத் தொடங்கிவைத்தார். வடசென்னையில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனை இவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. மே 11 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மக்களுக்கான சேவை ஓடத் தொடங்கியது. மின்சாரம் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். இந்தியாவில் மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடியது இதுவே முதல் முறை. பம்பாய்க்கு ஆறே ஆண்டுகள் பின்னால், அதுவும் குறுகலான பாதையில், இதைச் சாதித்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

அந்த விழாவில் ஆளுநர் பேசிய ஒரு கருத்து இந்தக் கதைக்கு முக்கியமானது. அன்று மாலை தாம்பரத்திலிருந்து வரும் வழியில் தான் கண்ட ஆளரவமற்ற வெளிகள், மின்சார ரயிலால் செழிப்பான தோட்டப் புறநகர்களாக மாறுவதைத் தன்னால் கண்முன் காண முடிகிறது என்ற பொருளில் அவர் பேசினார். கூட்டம் இருந்ததால் ரயில் விட்டதாக அவர் சொல்லவில்லை. ரயில் விட்டால் ஊர் வரும் என்று சொன்னார். வருமானத்தில் கண்ணாயிருந்த ஒரு கம்பெனியும் ஒரு காலனி அரசும் சேர்ந்து செய்த வேலைதான் இது. அவர்களுடைய கணக்கில் துறைமுகமும் வணிகமும் முதலிடத்தில் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் வெற்று நிலத்தின் வழியே முதலில் வண்டியை ஓட்டிக் காட்டிய அந்தத் துணிவுதான் தென்சென்னையைப் பெற்றெடுத்தது.

எஞ்சின் இல்லாத வண்டி

மின்சார ரயில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று தெரிய, தாம்பரத்தில் ஒரு வண்டி வந்து திரும்புவதை ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும்.

வண்டி வந்து நிற்கிறது. பயணிகள் இறங்கி முடிப்பதற்குள்ளேயே எதிர்க் கூட்டம் ஏறத் தொடங்கிவிடுகிறது. முன்பக்க அறையிலிருந்து மோட்டார்மேன் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். பின்பக்க அறையிலிருந்து கார்டு தன் பெட்டியோடு இறங்குகிறார். இதுவரை கடைசியாக இருந்த அறை இப்போது முதல் அறை. அங்கே ஒரு மோட்டார்மேன் ஏறிச் சாவியைப் போடுகிறார். முகப்பு விளக்கு எரிகிறது. மறுமுனையில் கார்டு அழைப்பு மணியை இரண்டு முறை ஒலிக்கிறார். மோட்டார்மேன் பதில் மணி கொடுக்கிறார். வண்டி வந்த வழியே புறப்படுகிறது. எஞ்சினைக் கழற்றவில்லை, சுற்றிக் கொண்டுவரவில்லை, தண்ணீர் பிடிக்கவில்லை.

காரணம், இந்த வண்டியில் தனியாக எஞ்சினே இல்லை. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஒரு தொடரில் பல மோட்டார் பெட்டிகள் ஒரே நேரத்தில் இழுப்பதால் வண்டி சட்டென்று வேகம் பிடிக்கிறது. நிலையத்தில் அரை நிமிடம் நின்றாலும் அடுத்த ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குள் அந்த நேரத்தை ஈடுசெய்துவிடுகிறது. இரண்டு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் திரும்பும் நேரம் நிமிடக்கணக்கில் சுருங்கிவிட்டது. அதே பெட்டிகள், அதே பாதை, ஆனால் ஒரு நாளில் பல மடங்கு நடைகள். “இந்த வண்டி போனால் அடுத்த வண்டி” என்று சென்னைக்காரர்கள் அலட்டிக்கொள்ளாமல் சொல்ல முடிந்தது அதற்குப் பிறகுதான்.

தாம்பரத்தைத் தேடி வந்தவர்கள்

பாதை போட்டாகிவிட்டது. யார் வந்தார்கள்?

முதலில் வந்தது நோயாளிகளுக்கான இடம். டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பேர் பெற்றவர். அங்கே மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் இல்லம் நடத்தியவர். தாயகம் திரும்பி, 1928-இல் தாம்பரத்தில் சுமார் 250 ஏக்கரில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான உணவு ஆகியவைதான் வைத்தியம். நகரத்தின் புகையிலிருந்து விலகி இருக்க வேண்டும், ஆனால் நோயாளியைப் பார்க்க வீட்டார் வந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். மலையடிவாரமும் ரயில் பாதையும் சேர்ந்த தாம்பரம் இரண்டுக்கும் பொருந்தியது. 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1990களில் எச்.ஐ.வி. பாதித்தவர்களை மற்ற இடங்களில் ஒதுக்கியபோது அவர்களுக்குக் கதவு திறந்த மருத்துவமனையும் இதுதான். ‘சானடோரியம்’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமலேயே லட்சக்கணக்கானவர்கள் இன்று அந்தப் பெயரில் டிக்கெட் எடுக்கிறார்கள். ஒரு மருத்துவரின் கனவு நிலையப் பலகையில் மஞ்சள் நிறத்தில் நிற்கிறது.

அடுத்து வந்தது கல்லூரி. சென்னை கிறித்தவக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுன் பகுதியில் நெருக்கடியான கட்டடங்களில் இயங்கிக்கொண்டிருந்தது. நகரின் நடு மையத்தை விட்டு 25 கிலோமீட்டருக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு கல்லூரியைக் கொண்டுபோவது அன்றைக்கு எளிய முடிவில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் எப்படி வந்துபோவார்கள் என்ற கேள்வி இருந்திருக்கும். மின்சார ரயில் அந்தக் கேள்விக்கு விடையாயிற்று. 1937-இல் கல்லூரி சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. இன்று சுமார் 365 ஏக்கர் பரப்புள்ள அந்த வளாகத்தின் மரங்களுக்குப் பின்னால் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ், அவருடைய மனைவி ஆலிஸ் பார்ன்ஸ் ஆகிய இருவரின் உழைப்பு இருக்கிறது. புதர்க்காட்டைக் காத்தும் புதிய மரங்களை நட்டும் அவர்கள் வளர்த்த பசுமையில் இன்றும் புள்ளிமான்கள் மேய்கின்றன. 1938 டிசம்பரில் பன்னாட்டு கிறித்தவ மிஷனரி மாநாடு இங்கே கூடியது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த பிரதிநிதிகள் ‘தாம்பரம்’ என்ற பெயரைத் தங்கள் நாடுகளுக்கு எடுத்துச் சென்றார்கள். இறையியல் நூல்களில் இன்றும் அந்த மாநாட்டைத் ‘தாம்பரம் 1938’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

மூன்றாவதாக வந்தது தொழில். இதன் கதை மின்சார ரயிலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பல்லாவரத்தை அடுத்து சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி, குரோமிய உப்புகளைக் கொண்டு தோல் பதனிட்டது. தொழிற்சாலையைச் சுற்றிக் குடியிருப்பு வளர்ந்தது. அந்தப் பேட்டைக்குக் குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. ஒரு வேதிப்பொருளின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் வேறெங்கும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். 1949-இல் சி. ராஜம் தன் சொந்த வீட்டை விற்ற பணத்தை முதலாக வைத்து அதே குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். 1984-இல் சானடோரியத்தை ஒட்டி ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் வந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்த பெண்கள் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினமும் ரயிலில் வந்தார்கள். தந்தையோ கணவனோ துணைக்கு வராமல் ஒரு பெண் தனியாகக் கிளம்பிப் போய்ச் சம்பளத்தோடு திரும்பும் பழக்கத்துக்கு, மலிவான சீசன் டிக்கெட்டும் மகளிர் பெட்டியும் செய்த உதவி பெரிது.

மருத்துவமனை, கல்லூரி, தொழிற்சாலை. மூன்றுக்கும் இடம் கொடுத்தது தாம்பரம். வழி கொடுத்தது தண்டவாளம்.

இரண்டு மின்சாரங்களின் எல்லை

விடுதலைக்குப் பிறகு இந்திய ரயில்வே ஒரு பெரிய முடிவெடுத்தது. இனி நாடெங்கும் மின்மயமாக்கல் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தில்தான் நடக்கும் என்று 1957-இல் தீர்மானித்தது. குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் அனுப்பினால் அதன் ஓட்டம் அதிகமாக வேண்டும். அதற்குத் தடித்த செம்புக் கம்பிகளும் அடுத்தடுத்துத் துணை மின்நிலையங்களும் தேவை. உயர் அழுத்தத்தில் அனுப்பினால் மெல்லிய கம்பியே போதும், துணை மின்நிலையங்களும் தள்ளித் தள்ளி இருக்கலாம்.

1960களின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை புதிய முறையில் மின்கம்பி போட்டார்கள். ஜப்பானில் கட்டிய மீட்டர் பாதை மின்சார எஞ்சின்கள் அதற்காக வந்து இறங்கின. தாம்பரத்துக்கு வடக்கே பழைய 1,500 வோல்ட், தெற்கே புதிய 25,000 வோல்ட். ஒரே ஊர் இரண்டு மின்சாரங்களின் எல்லையாக இருந்த விசித்திரமான காலம் அது. 1967 ஜனவரி 15 அன்று கடற்கரை – தாம்பரம் பாதையும் 25,000 வோல்ட்டுக்கு மாறியது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் கட்டிய மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கின. வெளிநாட்டிலிருந்து பெட்டி வாங்கிய ஊர், தன் ஊர்ப் பெட்டியில் தானே பயணம் செய்தது.

அந்த மீட்டர் பாதை வண்டிகளில் போனவர்களுக்கு அவற்றின் குறுகல் நினைவிருக்கும். எதிரெதிர் இருக்கைகளில் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். யாரும் யாருக்கும் அந்நியராக இருக்க இடமில்லாத பெட்டி அது. என் கல்லூரி நாட்களில் அந்த வண்டியில்தான் போய்வந்தேன். கவுண்டரில் காசை நீட்டினால் கெட்டியான சின்ன அட்டை டிக்கெட் ஒன்றை எடுத்து, தேதி அச்சில் செருகி, ‘டக்’கென்று இழுத்துத் தருவார்கள். உள்ளே போனால் காலையில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நிரந்தரச் சபை கூடியிருக்கும். தினமும் அதே பெட்டி, அதே ஜன்னல், அதே நால்வர். ஒருவர் வராவிட்டால் மற்ற மூவருக்கும் கவலை. ஒருவருடைய மகளுக்கு வரன் பார்ப்பதும் இன்னொருவருடைய ஓய்வூதியக் கணக்கும் கிண்டிக்கும் எழும்பூருக்கும் நடுவே பேசி முடிக்கப்படும். மாலையில் மகளிர் பெட்டியில் மடியில் முறத்துக்குப் பதிலாகச் செய்தித்தாளை விரித்து, கீரை ஆய்ந்துகொண்டும் பூத் தொடுத்துக்கொண்டும் வருவார்கள். வீட்டு வேலையில் பாதியை வண்டியிலேயே முடித்துவிட்டு இறங்கினால்தான் அவர்களுக்கு இரவில் கொஞ்சம் உறக்கம் மிஞ்சும். அதை அழகிய காட்சியாக மட்டும் நினைத்துக் கடந்துவிடக் கூடாது. அலுவலகமும் அடுப்பும் சேர்த்து ஏற்றிய சுமையை அந்தப் பெண்கள் சுமந்த விதம் அது.

மீட்டர் பாதையின் முடிவு

1992-இல் நாடு முழுவதும் ஒரே அகலப் பாதை என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. தாம்பரம் வழியே தெற்கே போன வண்டிகள் 1990களில் படிப்படியாக அகலப் பாதைக்கு மாறின. 1977 சுதந்திர தினத்தன்று மீட்டர் பாதையில் தொடங்கி, அந்தப் பாதையின் வேகப் பெருமையாக விளங்கிய வைகை எக்ஸ்பிரஸும் மாறியது. நகருக்குள் சில காலம் இரண்டு அகலங்களும் அருகருகே ஓடின. 2004 ஜூலையின் தொடக்கத்தில் மீட்டர் பாதை மின்சார ரயில் தன் கடைசி நடையை முடித்துக்கொண்டது. 1931-இலிருந்து 73 ஆண்டுகள். மூன்று தலைமுறை அலுவலகம் போன வண்டி அது.

அகலப் பாதையில் பெட்டிகள் அகன்றன. ஒன்பது பெட்டித் தொடர்கள் பன்னிரண்டு பெட்டிகளாக நீண்டன. அட்டை டிக்கெட் போய்க் கூப்பன் வந்தது. கூப்பன் போய்த் தானியங்கி இயந்திரமும் கைப்பேசிச் செயலியும் வந்தன. 2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியே செங்கல்பட்டுக்குக் குளிரூட்டப்பட்ட மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென் மாவட்ட வண்டிகள் சில எழும்பூருக்குப் போகாமல் தாம்பரத்திலேயே புறப்படுகின்றன. ஒருகாலத்தில் நெடுந்தூர வண்டிகள் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர், இன்று சென்னையின் மூன்றாவது முனையம். 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு தாம்பரம் தனி மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது.

ஆளுநர் சொன்னது நடந்ததா?

பாதி நடந்தது. புறநகர்கள் வந்தன. தோட்டங்களும் வந்தன. குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் தென்னையும் மாமரமும் கிணறும் கொண்ட தனி வீடுகள் இருந்ததை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிறகு தோட்டங்கள் அடுக்ககங்களாயின. ஏரிகளின் நீர்வழிகளில் மனைகள் போடப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மேற்குத் தாம்பரமும் முடிச்சூரும் மூழ்கியபோது, ஏரி தன் பழைய எல்லையை ஊருக்கு நினைவூட்டியது. ரயில் ஊரைக் கொண்டுவந்தது. வந்த ஊரை ஒழுங்காக வளர்ப்பது நம் பொறுப்பாக இருந்தது. அதில் நாம் தவறினோம்.

ரயிலிலும் நாம் பின்தங்கினோம். 2018 ஜூலை 24 காலை. பழுதின் காரணமாக உள்ளூர் வண்டிகள் விரைவுப் பாதைக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. கூட்டம் பிதுங்கிய வண்டியின் படிக்கட்டில் தொங்கி வந்தவர்கள் பரங்கிமலை நிலையத்தில் பக்கச் சுவரில் மோதிக் கீழே விழுந்தார்கள். பள்ளி, கல்லூரி, வேலை என்று கிளம்பிய பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. படிக்கட்டில் தொங்குவது தவறு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உள்ளே நிற்க இடம் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வெளியே தொங்கியிருப்பார்கள் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று தாம்பரத்துக்குத் தெற்கே கிளாம்பாக்கத்தில் மாபெரும் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்குப் போகும் மக்கள் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் அங்கே போக வேண்டியவர்களானார்கள். முனையத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், 1870களில் போட்ட அதே தடத்தில் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் முனையம் திறந்த நாளில் வண்டி நின்று ஆளை இறக்க அங்கே ஒரு நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, ஆட்டோ பிடித்துப் போக வேண்டியிருந்தது. 1931-இல் வெற்று வெளிக்கு வண்டி விட்டவர்கள் ஊருக்காகக் காத்திருக்கவில்லை. 2023-இல் ஊரும் கூட்டமும் வந்து நின்ற பிறகும் நாம் நடைமேடைக்காகக் காத்திருந்தோம்.

தண்டவாளம் தரும் பாடம்

தாம்பரம் வண்டியின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். நகரம் வளர வேண்டிய திசையில் முதலில் பாதை போட வேண்டும். சாமானியனுக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில், காத்திருப்பு குறைவாக, வண்டி ஓட வேண்டும். அதன் பிறகு மருத்துவமனையும் கல்லூரியும் தொழிற்சாலையும் வீடும் தாமாகவே வந்து சேரும். வீட்டை முதலில் விற்றுவிட்டு வழியைப் பிறகு தேடும் இன்றைய முறையில், தினமும் சாலையில் கரையும் மணி நேரங்களை மக்கள்தான் தங்கள் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

செங்கல்பட்டையும் திருப்போரூரையும் ஒரகடத்தையும் நோக்கி இன்று சென்னை நகர்ந்துகொண்டிருக்கிறது. புதிய மனைப்பிரிவின் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு முன்பணம் கொடுக்கப் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நீச்சல்குளம் எங்கே என்று கேட்பதற்கு முன், ரயிலடி எங்கே என்று கேளுங்கள். உங்கள் வார்டு உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். நம் தாத்தாக்களுக்கு யாரும் கேட்காமலேயே ஒரு வண்டி கிடைத்தது. நம் பேரப் பிள்ளைகளுக்கு நாம் கேட்டால்தான் கிடைக்கும்.

(தொடரும்)